பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும்

வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களோடு அரசு எவ்வாறு தொடர்பு வைத்துக்கொள்கிறது என்று கேட்டால், தூதரகங்களும் மீட்பு விமானங்களும் நம் நினைவுக்கு வரும். காந்தியடிகள் 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஜனவரி 9-ஆம் நாளை, 2003 முதல் மத்திய அரசு வெளிநாடுவாழ் இந்தியர் தினமாகக் கொண்டாடுவதும் நினைவுக்கு வரலாம். 2009-இல் அவ்விழா சென்னையிலேயே நடந்தது. விழாவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். கட்டட வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் செல்பவரின் கதை வேறு. அவருக்கு அரசோடு உள்ள தொடர்பு விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதைத் தீர்மானிக்கும் தாள் நம் பள்ளியில் பெற்ற பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். (நம் ஊரில் இ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகும் சாலை, இது வேறு.) வேலைக்காகச் செல்ல குடிபெயர்வு அனுமதி தேவை என்பது இதன் பொருள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இக்குறிப்பு உள்ளவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்முன், குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் பட்டியலில் உண்டு. மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. வருமான வரி செலுத்துவோர், 50 வயதைக் கடந்தோர், அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பை முடித்தோர் எனச் சில விலக்குகள் உள்ளன. ஆனால் நம்மிடம் படித்துவிட்டுச் செல்லும் இளைஞர்களுக்கு எல்லைக்கோடு பெரும்பாலும் பத்தாம் வகுப்புத்தான்.

குறிப்பைப் பார்த்தால் தண்டனைபோலத் தோன்றும். சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு. அனுமதி கேட்கும்போது வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். வேலை கொடுப்பவரின் விவரமும் முகவரின் விவரமும் மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பதிவாகின்றன. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் மூன்றாண்டுக்கு 375 ரூபாயும் செலுத்தினால், விபத்தில் இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். உரிமம் பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போகும் எத்தனை குடும்பங்களுக்கு இந்த வரம்பு தெரியும்?

‘பாதுகாவலர்’ என்ற பதவிப் பெயர் பழையது. ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் மொரிஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறிய 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையில் அப்பதவி இருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதல் கப்பல் அதுதான். பாதுகாவலர் இருந்தும் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் பட்ட பாடு வரலாறு. பெயர் மட்டும் பாதுகாத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்றைய ஏற்பாட்டிலும் ஒரு முரண் உண்டு. தேர்ச்சி பெறாதவரை அரசு பதிவுசெய்கிறது. தேர்ச்சி பெற்றவருக்கு அனுமதி தேவையில்லை. ஆகவே அவர் எங்கே, யாரிடம் வேலைக்குப் போனார் என்ற பதிவும் இருப்பதில்லை. இவர்களும் முன்பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே, நடைமுறைக்கு வரும் முன்பே அது நிறுத்திவைக்கப்பட்டது. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் இணையவழி மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழக இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். கணினி தெரிந்தவர்கள், படித்தவர்கள். இன்னொரு பக்கம், இ.சி.ஆர். குறிப்பு உள்ளவர் சுற்றுலா விசாவில் போனால் யாரும் அனுமதி கேட்பதில்லை. போய் வேலையில் சேர்ந்துவிட்டால் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் மாநில அரசின் பங்கு வருகிறது. சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பெயரிலுள்ள ‘மறுவாழ்வு’, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களைக் குறிப்பது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. திரும்பி வந்தவர்களுக்காகத் தொடங்கிய பணி இப்போது புறப்பட்டுச் செல்பவர்கள் பக்கமும் திரும்பியிருக்கிறது. 2011-இல் இதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. 2021 அக்டோபரில் நல வாரியம் அறிவிக்கப்பட்டது. 2022 முதல் ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள். 18 முதல் 55 வயதுக்குட்பட்டோர் வாரியத்தில் இணையவழியே உறுப்பினராகலாம்; 2024 முதல் உறுப்பினர்களுக்குக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றதால் மத்திய அரசின் பதிவேட்டில் இடம்பெறாதவரும் இதில் சேரலாம் என்பதே இதன் சிறப்பு.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியதில் இறந்தவர்களில் 7 பேர் தமிழர்கள். உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. மாநில அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கியது. அரசு விரைந்து செயல்பட்டது உண்மைதான். ஆனால் ஒரே கட்டடத்தில் அத்தனை பேரை அடைத்து வைத்திருந்த நிலை விபத்துக்கு முன்பே யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும். அதற்கு, அங்கே இருப்பவர் யார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியில் நாம் என்ன செய்ய இயலும்? எங்கள் மாங்காட்டிலிருந்து குன்றத்தூர், பல்லாவரம் வழியாகப் போனால் விமான நிலையம் வந்துவிடும். படிப்பை முடித்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அலுவலக வாசலில் நிற்கும் முன்னாள் மாணவர்களில் ஒருபகுதியினர் பாஸ்போர்ட்டுக்காகத்தான் வருகிறார்கள். ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, மதிப்பெண் சான்றிதழில் வேறு தேதி. இன்னொருவர் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் ஒரு விதம், சான்றிதழில் ஒரு விதம். தலைப்பெழுத்தைப் பாஸ்போர்ட்டில் அப்படியே போட முடியாது. தந்தை பெயரை விரித்து எழுத வேண்டும். அந்தப் பெயரின் எழுத்துகளும் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது பெற்றோரை வரவழைத்து, பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அருகில் வைத்துச் சரிபார்த்தால் அரைமணி நேரத்தில் முடியும் வேலை. பிறகு திருத்துவது என்றால் மாதக்கணக்கில் அலைச்சல்.

ஒரு பாடத்தில் தவறியவரை ஜூன், ஜூலைத் துணைத்தேர்வுக்கு வீட்டுக்கே போய் அழைத்து வருகிறோம். அப்போது மேல்நிலை வகுப்புச் சேர்க்கையோடு பாஸ்போர்ட் குறிப்பையும் சொல்லிப் பார்க்கலாம். சில தந்தைமார்களுக்கு இது உடனே புரிகிறது. மாணவியர் வீடுகளில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இ.சி.ஆர். குறிப்புள்ள பெண் 30 வயதுக்குள் இந்நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல அனுமதி கிடையாது. ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு முகவர் சொன்னால் அவர் சட்டத்துக்குப் புறம்பான வழியைத்தான் சொல்கிறார்.

குடிமையியல் வகுப்பில் அடிப்படை உரிமைகளை நடத்தும்போது, சுவரொட்டியிலோ வாட்ஸப்பிலோ வந்த வெளிநாட்டு வேலை விளம்பரம் ஒன்றை எடுத்துவரச் சொல்லலாம். முகவரின் உரிம எண் அதில் இருக்கிறதா, அந்த எண் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளதா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவரே பார்த்துவிடுவார். மாநிலத் துறையின் கட்டணமில்லா உதவி எண் 1800 309 3793. பள்ளி அறிவிப்புப் பலகையில், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கீழே இதற்கும் ஒரு வரி இடம் இருக்கும்.