முதுகுப்பையில் ஒரு வீடு – 9: வெந்நீர் எங்கிருந்து வரும்?

கூடாரம் பற்றிப் போன இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வேப்பந்தட்டையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி பேசினார். நண்பர்கள் நான்கு பேர் தை மாதத்தில் பச்சைமலை அடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் இரவு தங்கப் போகிறார்கள். கூடாரம் இரவல் கிடைத்துவிட்டது. "அண்ணே, காபிக்கு மோக்கா பாட் வாங்கலாமா, ஏரோபிரஸ் வாங்கலாமா? எல்லா வீடியோவும் பார்த்துட்டேன், குழப்பம்தான் மிச்சம்" என்றார். "அங்க அடுப்பு மூட்டலாமா தம்பி?" என்று கேட்டேன். "தோட்டத்துக்காரர்கிட்ட கேக்கணும்ணே" என்றார்.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். எந்தக் கருவி நல்லது என்பது இரண்டாவது கேள்வி. விடியற்காலையில் வெந்நீர் எங்கிருந்து வரும் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் கடையில் இருக்கும் கருவிகளில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் எசனை தாண்டி வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் என்று போகும்போது மேற்கே பச்சைமலை நீளமாகக் கூடவே வரும். சாலையோரம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகள். 'காடு' என்று இங்கே நாம் சொல்வது மானாவாரி நிலத்தை. அந்த நிலம் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் காப்புக்காடு தொடங்குகிறது. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றைத் தடுத்துக் கட்டியிருக்கும் விசுவக்குடி அணைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பட்டா நிலம் எங்கே முடிகிறது, வனத்துறை எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்பது வெளியூர்க்காரர் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. ஆனால் சட்டத்துக்கு அந்தக் கோடு மிக முக்கியம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். சுள்ளி அடுப்போ சின்ன கேஸ் அடுப்போ, காபிக்குத்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அனுமதியில்லாமல் உள்ளே போவதே தவறு.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேற்றத்துக்குப் போன இளைஞர்களும் பெண்களும் அவர்களில் பலர். அந்தத் தீ எதனால் மூண்டது என்பது தனி விஷயம். காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு, மனிதர் ஓடுவதைவிட வேகமாக மேட்டில் ஏறும் என்பதை அன்று தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. மாசி, பங்குனி, சித்திரையில் பச்சைமலைச் சரிவும் அப்படித்தான் காய்ந்து கிடக்கிறது. குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, பதிவு செய்தவர்களை வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. அப்படிப்பட்ட பாதைகளுக்குப் போகிறவர்கள் அடுப்பு என்ற நினைப்பையே வீட்டில் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ரயிலில் வந்து இறங்கி மலைக்குப் போகிறவர்கள் கேஸ் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு வரவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள். திருட்டுத்தனமாக ஏற்றிவந்த சிலிண்டரில் காலை அடுப்பைப் பற்றவைத்தபோது நடந்தது அது. நாள் முழுக்க ஊர் சுற்றப் போகும் உற்சாகத்தில், விடிந்ததும் சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று நினைப்பது எவ்வளவு இயல்பான ஆசை! அந்த ஆசைக்கு ஒன்பது உயிர் விலையாகப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே இரண்டு நிலைமைகள். நெருப்புக்கு இடமிருக்கும் இடம், இல்லாத இடம்.

நெருப்புக்கு இடமில்லாத இடத்துக்கு பிளாஸ்க்தான் அடுப்பு. வீட்டிலோ வழியில் டீக்கடையிலோ தளதளவென்று கொதித்த தண்ணீரை வாங்கி ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் கொதிநீரை ஊற்றி பிளாஸ்கைச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, பிறகு கழுத்துவரை நிரப்புங்கள். அரை லிட்டர் பிளாஸ்க் இரண்டு கொண்டுபோவதைவிட ஒரு லிட்டர் பிளாஸ்க் ஒன்று நல்லது. தண்ணீரின் அளவு கூடினால் சூடு மெதுவாகவே இறங்கும். அப்படியும் இரவு தாண்டிக் காலையில் திறக்கும்போது 100 டிகிரி எப்படி இருக்கும்? நல்ல பிளாஸ்க் என்றால் 75, 80 இருக்கலாம்.

இங்கேதான் ஏரோபிரஸ் கைகொடுக்கிறது. பறக்கும் வளைய விளையாட்டுப் பொருள் செய்து பெயர் வாங்கிய அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஆட்லர் 2005-இல் கொண்டுவந்த கருவி அது. ஊசிபோடும் சிரிஞ்சைப் பெரிதாக்கியது போன்ற பிளாஸ்டிக் குழாய். அடியில் வட்டக் காகித வடிகட்டி. பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேலிருந்து அழுத்தினால் கோப்பைக்குள் காபி இறங்கிவிடும். ஆட்லர் இதற்குச் சொன்ன வெந்நீர்ச் சூடு சுமார் 80 டிகிரிதான். கொதிநீர் ஊற்றினால் கசப்பு கூடுகிறது என்பது அவர் கணக்கு. பிளாஸ்க் தண்ணீருக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. உடையாது, எடை குறைவு. சக்கை வட்டமாகக் கெட்டிப்பட்டு ஒரே தள்ளில் வெளியே வந்துவிடும் என்பதால் கழுவுவதற்கு ஒரு கை தண்ணீர் போதும். குறை என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வரும். நான்கு பேர் என்றால் நான்காமவர் பொறுமையாக இருக்க வேண்டும். விலையும் சில ஆயிரம் ரூபாய்.

நம் வீட்டுப் பில்டருக்குப் பிளாஸ்க் தண்ணீர் ஒத்துவராது. அதில் அழுத்தம் கிடையாது; தண்ணீர் தன் எடையால் மட்டுமே பொடிக்குள் இறங்க வேண்டும். சத்து முழுக்க இறங்கக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும். ஆறிய தண்ணீரில் டிகாஷன் வெளிறிப்போய் நிற்கும். நெருப்பில்லாத பயணத்துக்குப் பில்டர்தான் வேண்டும் என்கிறவர்கள் கிளம்பும் முன்பே வீட்டில் கெட்டி டிகாஷன் இறக்கி, ஆறவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் மூடி எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலைவரை குடிக்கிற பதத்தில் இருக்கும். காலையில் பிளாஸ்க் வெந்நீரும் பால் பவுடரும் சேர்த்தால் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் காபி தயார். கருவியே வாங்கத் தேவையில்லாத வழி இது. செலவைப் பார்க்கிற மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கார் சாக்கெட்டிலும் பேட்டரியிலும் ஓடும் மின்சாரக் காபி கருவிகள் இப்போது நிறைய விளம்பரமாகின்றன. வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 200 மில்லி தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 16 வாட்-மணி மின்சாரம் வேண்டும். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்கில் இருப்பதே மொத்தம் 74 வாட்-மணி. வீணாவதைக் கழித்தால் மூன்று, நான்கு கோப்பையில் அது காலி. போனுக்கு ஒன்றும் மிஞ்சாது. 120 வாட் தரும் கார் சாக்கெட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் சூடாக எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். காரிலேயே போய்க் காரருகிலேயே தங்குகிறவர்களுக்கு அது சரிப்படலாம். தோளில் சுமந்து நடக்கிறவர்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, தோட்டத்துக்காரர் அனுமதித்து, சுற்றிலும் சருகு இல்லாத வெறுந்தரையோ களமோ கிடைத்த இடம். இங்கே கேஸ் அடுப்போ, மூன்று கல் கூட்டியோ வெந்நீர் போடலாம். கூடாரத்துக்குள் மட்டும் எந்த அடுப்பும் கூடாது. மழை பெய்தாலும் கூடாது. துணி பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும் மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கேஸ் குப்பியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

நெருப்பு இருக்கும் இடத்தில் என் ஓட்டு எவர்சில்வர் பில்டருக்கு. இதை ஊர்ப்பாசத்தால் சொல்லவில்லை. கண்ணாடி இல்லை, காகிதம் இல்லை, ரப்பர் வளையம் இல்லை. கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. இரவு படுக்கும் முன்பே மேல்பாத்திரத்தில் பொடியைப் போட்டு அமுக்கி மூடி வைத்துவிடலாம். காலையில் கொதிநீர் ஊற்றுவதுதான் பாக்கி. கால் மணியோ இருபது நிமிடமோ காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. மலையடிவாரத்தில் விடியற்காலை இருபது நிமிடத்துக்கு அப்படி என்ன அவசரம்? விலை சில நூறு ரூபாய்; பல வீடுகளில் பரணிலேயே ஒன்று கிடக்கும். உயரத்தைப் பற்றிய கவலையும் நமக்கு இல்லை. 1000 மீட்டரில் தண்ணீர் சுமார் 97 டிகிரியில் கொதிக்கும், டிகாஷனுக்கு அது தாராளம். ஊட்டி உயரத்தில்தான் அது 93-க்குப் பக்கம் இறங்குகிறது.

மோக்கா பாட் 1933-இல் இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி பட்டறையிலிருந்து வந்தது. கீழ்க்கிண்ணத் தண்ணீர் சூடாகும்போது எழும் ஆவி, தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளுகிறது. ஐந்தாறு நிமிடத்தில் கெட்டியான காபி. பால் சேர்த்தால் நம் சுவைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நாம் வழக்கமாக வாங்கும் பொடி சிக்கரி கலந்தது. சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கச் சட்டமே இடம் தருகிறது. அது தண்ணீரில் ஊறி உப்பும். நைசாக அரைத்த பொடியோடு சேர்ந்து சல்லடையை அடைத்துவிடும். பில்டரில் அடைத்தால் டிகாஷன் தாமதமாகும், அவ்வளவுதான். மோக்கா பாட்டில் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பக்கவாட்டில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அதை நம்பி விளையாட வேண்டாம். மோக்கா பாட்டுக்கும் ஏரோபிரஸுக்கும் சிக்கரி இல்லாத பொடியைத் தனியாக, கொஞ்சம் கரகரப்பாக அரைத்து வாங்குங்கள். ஏற்காட்டுக் காபியும் கொல்லிமலைக் காபியும் நமக்கு எட்டும் தூரத்திலேயே விளைகின்றன. கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பழைய பொடியைப் போட்டுக் குடிப்பதில் அர்த்தமில்லை.

பிரெஞ்ச் பிரஸைப் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கண்ணாடியில் இருந்தால் உடையும், ஸ்டீலில் இருந்தால் கனக்கும். வலையில் ஒட்டிய சக்கையைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீரையே சுமந்து போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

இனி பால். வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் கடுங்காபி குடிப்பதால் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நமக்குப் பாதிக் காபி பால்தான். காய்ச்சிய பாலை பிளாஸ்கில் ஊற்றி விடியும்வரை காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமி பெருகும்; காலையில் திரிந்த பால்தான் கிடைக்கும், வயிற்றுக்கும் கேடு. பிரிக்காத டெட்ரா பாக்கெட் பால் குளிர்ப்பெட்டி இல்லாமலே தாங்கும். பால் பவுடர் அதைவிட எடை குறைவு. தோட்டத்து வீட்டில் மாடு இருந்தால் முந்தின நாளே சொல்லிவைத்து, காலையில் கறந்த பாலை வாங்கிக் காய்ச்சிக்கொள்ளுங்கள்; அதற்கு ஈடு வேறில்லை.

பாலே வேண்டாம் என்றால் வரக்காப்பி இருக்கிறது. களையெடுப்புக்கும் அறுவடைக்கும் போனவர்கள் காட்டில் போட்டுக் குடித்தது. தண்ணீர் கொதித்ததும் வெல்லத்தைத் தட்டிப் போட்டு, பொடியைத் தூவி, இறக்கி நாலு நிமிடம் மூடி வைத்து, மேலே ஒரு சிறங்கை பச்சைத்தண்ணீர் தெளித்தால் சக்கை அடியில் தங்கும். மெதுவாகச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். ஒரு சட்டி போதும்.

சக்கையையும் காகிதத்தையும் கல்லாற்றில் கொட்டாதீர்கள். பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து செடிக்குப் போடுங்கள். பால் பாக்கெட்டை அங்கேயே விட்டால் ஆடும் மாடும் தின்னும், குரங்கு தேடி வரும்.

தம்பிக்கும் அவரைப் போலக் கேட்கிறவர்களுக்கும் என் பதில் இது. தோட்டத்துக்காரர் சம்மதித்தால், நான்கு பேருக்குப் பரணில் இருக்கும் பெரிய எவர்சில்வர் பில்டரை எடுத்துக்கொண்டு போங்கள். எதுவும் வாங்க வேண்டாம். அவர் அடுப்பு வேண்டாம் என்று சொன்னால், டிகாஷன் பாட்டிலும் ஒரு லிட்டர் பிளாஸ்கும் போதும். அடிக்கடி தனியாக மலைக்குப் போகிறவர் மட்டும் ஏரோபிரஸுக்குப் பணம் போடலாம். எதை எடுத்துப் போனாலும், தோட்டத்துக்காரரிடம் முந்தின நாளே போய்க் கேட்டுவிடுங்கள்.

(அடுத்த இதழில்: ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா?)