ரோகு கெண்டை குளத்தில் ஏன் முட்டையிடுவதில்லை?

ஆடி மாதம் பிறந்தால் மீன் வளர்க்கும் விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ரோகுவின் வயிறு நிறையச் சினை இருக்கிறது. விற்காமல் விட்டுவைத்தால் குளத்திலேயே குஞ்சு பொரித்துவிடாதா? வருடாவருடம் குஞ்சு வாங்கும் செலவு மிச்சமாகுமே!" ஜிலேபிக் கெண்டையும் சாதாக் கெண்டையும் குளத்திலேயே பெருகுவதைப் பார்த்தவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் ரோகுவை நம்பி இப்படிக் காத்திருந்தால் ஒரு வருட வருமானம் வீணாகும்.

ரோகு அடிப்படையில் ஆற்று மீன். கங்கையும் அதன் துணை ஆறுகளும் அதன் தாயகம். இரண்டு வயதில் பருவத்துக்கு வரும். கோடையில் நீர் சூடேறும்போது சினை முற்றத் தொடங்கி, ஆனி மாதத்தில் ஆணும் பெண்ணும் தயாராகிவிடும். ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வயிற்றை இலேசாக அழுத்தினால் பால் போன்ற விந்து வரும். பெண்ணின் துடுப்பு வழவழப்பாகவும் வயிறு உப்பி மிருதுவாகவும் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீனில் சுமார் இரண்டு லட்சம் முட்டைகள் இருக்கும்.

இதுவரை ஆற்று மீனுக்கும் குளத்து மீனுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு இனிமேல்தான். கங்கையில் பருவமழை கொட்டிப் புதுவெள்ளம் வரும்போது ரோகு கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று, கரை வழிந்து நிலம் மூழ்கிய ஆழமற்ற இடங்களை அடைகிறது. மழை, கலங்கல் நீர், ஓட்டம் ஆகிய எல்லாம் சேர்ந்து மூளைக்கு எட்ட, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் பின்னரே பெண் முட்டையை விடும். ஆண் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். தேங்கிய குளத்தில் இந்தச் சைகை கிடைப்பதில்லை. முற்றிய சினையை மீன் மெல்ல மெல்லத் தன் உடலுக்குள்ளேயே கரைத்துக்கொள்கிறது.

வெள்ளத்துக்காக அது காத்திருப்பதற்குக் காரணம் முட்டையிலேயே இருக்கிறது. சாதாக் கெண்டையின் முட்டை பாசியிலும் நீர்ச்செடியிலும் ஒட்டிக்கொள்ளும். ஜிலேபிக் கெண்டையின் தாய், முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். ரோகுவின் முட்டையோ ஒட்டுவதும் இல்லை, மிதப்பதும் இல்லை. காப்பாற்றத் தாயும் நிற்பதில்லை. நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது சேற்றில் அமிழாமல் உருண்டபடி பிராணவாயு பெறும். ஒரு நாளுக்குள் பொரித்து, மூன்றாம் நாள் குஞ்சு இரை தேடும்போது, புதுவெள்ளம் பாய்ந்த நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகிக் கிடக்கும்.

மேற்கு வங்காளத்தில் பாங்குரா, மிதுனாப்பூர் பகுதிகளில் மேட்டு நிலத்து மழைநீர் வேகமாக வந்து விழும்படி ஏரிக்கரைகளை அமைத்து, அங்கே ரோகுவை முட்டையிட வைப்பார்கள். குளத்தையே ஒரு நாள் ஆறாக்கும் வேலை இது. நம் ஊர்க் குட்டையில் நடக்கக்கூடியது அல்ல.

முன்பெல்லாம் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் வலைகட்டிப் பிடிப்பதுதான் வழி. அதில் வாளைக் குஞ்சும் கலந்து வந்து, குளத்தில் மற்றவற்றைத் தின்று தீர்க்கும். இந்த நிலையை மாற்றியவர்கள் கட்டாக்கில் பணியாற்றிய டாக்டர் அலிக்குஞ்ஞியும் டாக்டர் ஹீராலால் சௌத்ரியும். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, மற்ற மீன்களின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். வெள்ளம் கொடுக்கும் சைகையை ஊசி கொடுத்தது, அவ்வளவுதான் சூட்சுமம். இன்று குஞ்சு பொரிப்பகங்களில் செயற்கை ஹார்மோன் ஊசி ஒன்றே போதுமானதாக இருக்கிறது. வட்டத் தொட்டியில் நீரைச் சுழலவிட்டு முட்டையை உருளச் செய்வதும் ஆற்றைப் பார்த்துக் கற்றதுதான்.

ஆகவே சினை மீனைக் கண்டு சபலப்பட வேண்டாம். விற்கும் எடை வந்ததும் பிடித்து விற்றுவிடுங்கள். வைத்திருந்தால் அது தின்னும் தீவனத்தில் ஒரு பங்கு சினையாகிப் பயனின்றிக் கரையும். எடை அந்த அளவுக்கு ஏறாது.

குஞ்சு வாங்குவதில்தான் கவனம் வேண்டும். சில பொரிப்பகங்களில் ஒரே தாய் தந்தையின் வாரிசுகளையே திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள். உறவுக்குள் பிறந்த குஞ்சு வளர்ச்சி குன்றும். தாய் மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'ஜெயந்தி' ரோகு, வளர்ச்சிக்கென்றே பல தலைமுறை தேர்ந்தெடுத்த ரகம். கிடைத்தால் அதையே வாங்கலாம்.

வாங்குமிடத்தில் ஒரு சிறு சோதனை. அகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் குஞ்சுகளை விட்டு நீரைக் கையால் சுழற்றுங்கள். நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து ஓரமாக நீந்தும். நடுவில் போய்ச் சேருவது அதிகமாக இருந்தால் அந்தத் தொட்டிக் குஞ்சு வேண்டாம். ஊருக்குக் கொண்டுவந்ததும் பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக வெளியேறும்படி விடுங்கள். காலை இளவெயிலுக்கு முன் அல்லது மாலையில் விடுவது நல்லது.