அப்பம்மாவோடு வடகடலுக்கு

கோடை விடுமுறை வந்தால் எம்மவர் பலர் லண்டனிலோ பாரிசிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். மற்றவர்கள் ஓவர்ரைம் செய்வார்கள். நானும் தொழிற்சாலையில் மெசினோடு நிற்பவன்தான். அந்தக் காசின் அருமை எனக்கும் தெரியும். ஆனாலும் வீட்டில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால், இரண்டு மூன்று நாளாவது எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய் வாருங்கள். கடலோரத்தில் பிறந்த எங்களுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் ஜேர்மனியின் கடல் வேறு. அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இங்கே இரண்டு கடல்கள் உண்டு. கிழக்கே உள்ள ஒஸ்ற்சேயில் உப்புக் குறைவு, நீர் ஏறி இறங்குவதும் மிகக் குறைவு. வடகடலான நோர்ட்சே அப்படியல்ல. குக்ஸ்ஹாவனில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் ஏறக்குறைய 3 மீற்றர் வித்தியாசம். எங்கள் யாழ்ப்பாணக் கரையில் இது ஒரு மீற்றர்கூட வராது. ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்கு 12 மணி 25 நிமிடம் செல்லும். கடல் வற்றினால் கிலோமீற்றர் கணக்கில் வெறும் சேறும் மணலும்தான். இந்த நிலத்தை ஜேர்மன்காரர் ‘வற்’ என்பார்கள். எங்கள் ‘வற்று’ என்ற சொல்லோடு சேர்த்து நினைத்தால் மறக்காது. 2009ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சொத்துகளில் சேர்த்தது.

சென்ற கோடையில் நாங்கள் ஐந்து பேர் குக்ஸ்ஹாவனுக்குப் போனோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த என் அம்மா, நான். அம்மா வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவர். 2004 மார்கழி 26க்குப் பிறகு அவர் கடலில் கால் வைத்ததில்லை. அன்று அலைகளுக்கிடையே கடல் உள்வாங்கியதையும், பிறகு எழும்பி வந்ததையும் கண்ணால் கண்டவர்.

முதல் நாள் காலை பத்து மணிபோல நீர் பின்வாங்கத் தொடங்கியது. அம்மா எழும்பி நின்று, “பிள்ளையள், ஓடி வாங்கோ! கடல் உள்ளுக்குப் போகுது!” என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வயது மகள் அப்பம்மாவின் கையைப் பிடித்து, கடற்கரை வாசலில் இருந்த நேர அட்டவணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எத்தனை மணிக்கு நீர் வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்று வாசித்துக் காட்டினாள். அம்மா நம்பவில்லை. மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னேரம்வரை இருந்தார். அட்டவணையில் போட்டிருந்தபடியே நீர் சத்தமில்லாமல் திரும்பி வந்தது.

அடுத்த நாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றார். “இந்தக் கடல் சொல்லிப்போட்டுப் போகுது, சொல்லிப்போட்டு வருகுது” என்றார். அன்றிரவு சுனாமியில் போன எங்கள் சித்தியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். எனக்கே சொல்லாத கதைகள் அவை.

சொல்லிவிட்டு வந்தாலும் இந்தக் கடலில் கவனம் வேண்டும். நீர் முன்னால் இருந்து மட்டும் வருவதில்லை. ‘பிரீல்’ எனப்படும் வாய்க்கால்கள் முதலில் நிரம்பி, உங்களுக்கும் கரைக்கும் இடையில் ஆழமாகிவிடும். ஆகவே நீர் முழுதாக வற்ற முன்னரே கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். பனிமூட்டம் என்றால் இறங்கவே வேண்டாம். ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள நொய்வேர்க் தீவுக்கு நடக்க விரும்பினால், வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

கொடிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் என்றால் காவலர் கடமையில் இருக்கிறார்கள். தனி மஞ்சள் என்றால் சிறுவர், முதியோர், நீந்தத் தெரியாதவர் இறங்கக்கூடாது. தனிச் சிவப்பு என்றால் எவருமே இறங்கக்கூடாது. 1912ல் பின்ஸ் என்ற ஊரில் இறங்குபாலம் இடிந்து பலர் இறந்தார்கள். அதன் பின்னர்தான், 1913ல், டி.எல்.ஆர்.ஜி. என்னும் உயிர்காப்புச் சங்கம் உருவானது. பிள்ளைக்கு ‘சேபேர்ட்சென்’ பட்டி கிடைத்துவிட்டதே என்று கண்ணை எடுக்கவேண்டாம். அது 25 மீற்றர் நீந்தியதற்கான ஆரம்பப் பட்டிதான். அடுத்த வெண்கலப் பட்டி எடுத்த பிறகே ஓரளவு நம்பலாம்.

முதியவர்களுக்கு ‘ஸ்ராண்ட்கோர்ப்’ என்ற கூடைக் கதிரையை நாள் வாடகைக்கு எடுங்கள். 1882ல் பார்ட்டல்மான் என்ற கூடை முடைபவர், வாதநோயால் வருந்திய ஒரு பெண்மணிக்காகச் செய்து கொடுத்தது இது. காற்றும் வெயிலும் படாது. ஆவணியிலும் கடற்காற்றுக் குளிரும், ஆகையால் ஜாக்கெற் கட்டாயம். பல ஊர்களில் கடற்கரைக்குத் தனிக் கட்டணம் உண்டு. குசினியோடு கூடிய விடுமுறை வீடு எடுத்தால் புட்டும் சோறும் நாங்களே சமைக்கலாம், செலவும் பாதியாகும்.

இன்னும் இரண்டு விஷயம். ஊரிலிருந்து விசாவில் வந்தவர்களின் மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தைக் கையோடு கொண்டு போங்கள். புதிதாக வந்து இன்னமும் வரவேற்பு முகாமில் இருப்பவர்கள், ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னர் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று மாத விசா கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அம்மா, அப்பாவை அதற்குள் வீட்டின் நாலு சுவருக்குள்ளேயே வைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.