ஒரே ஒட்டு, இரண்டு வழி

"எங்கே, இருமுங்க பார்ப்போம்" என்கிறார் டாக்டர். நின்றபடி இருமுகிறார் அந்த ஐம்பது வயதுக்காரர். தொடை இடுக்குக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு எட்டிப் பார்க்கிறது. படுத்தால் காணோம். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. மாத்திரைக்கு அடங்காது, தானாகவும் மூடாது.

1880-களில் இத்தாலிய அறுவை நிபுணர் பாசினி, தசைச்சுவரில் விழுந்த ஓட்டையை இழுத்துத் தைத்தார். நூறாண்டு கழித்து அமெரிக்காவின் லிக்டன்ஸ்டீன், இழுக்காமல் வலைத்துணி வைத்து ஒட்டுப் போட்டார். 1990-களின் தொடக்கத்தில் அதே ஒட்டு, சாவித்துவார அறுவை மூலம் பின்பக்கமாகப் போனது.

லைனிங் வைத்த ரவிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்துணி தசைச்சுவர், லைனிங் வயிற்றறையைப் போர்த்திய மெல்லிய ஜவ்வு. கிழிசல் மேல்துணியில், ஒட்டு வைப்பது இரண்டுக்கும் நடுவில். குறைந்தது 10க்கு 15 சென்டிமீட்டர் வலை. அதை அங்கே கொண்டுபோக இரண்டு வழி.

உள்ளே போய்…

'டாப்' முறையில், தொப்புள் வழியாகக் கேமரா வயிற்றுக்குள் போகிறது. லைனிங்கை வெட்டி, வலையை விரித்து, திரும்பத் தைக்கிறார்கள். இடம் தாராளம். மறுபக்கமும் ஹெர்னியா இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சிக்கிய குடலையும் சோதிக்கலாம். ஆனால் குடல்களுக்கு நடுவே வேலை, தையலும் கச்சிதமாக விழ வேண்டும்.

நடுவே நுழைந்து…

'டெப்' முறை வயிற்றுக்குள்ளேயே போவதில்லை. துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே சின்ன பலூனை ஊதி இடம் உண்டாக்குகிறார்கள். லைனிங்கை வெட்டவோ தைக்கவோ வேண்டாம். ஆனால் இடம் நெருக்கடி. லைனிங் கீறிவிட்டால், இடத்தை விரித்துப் பிடிக்கச் செலுத்திய வாயு கசிந்து அந்தச் சந்தும் சுருங்கும்.

இரண்டு வழியும் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடும் ஒரு முக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் முடிகின்றன. 'அழிவு முக்கோணம்' என்பது அறுவை நிபுணர்கள் வைத்த பெயர். அங்கே வலையைப் பொருத்த ஆணி அடிக்கக் கூடாது. பழகாத கைக்கு அது ஆபத்தான இடம்.

2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் இரண்டின் பலன்களும் ஏறக்குறைய ஒன்றே, தேர்வு மருத்துவரின் பயிற்சியைப் பொறுத்தது என்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "இதுவரை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, டாக்டர்?" இந்த இரண்டுக்கும் பொதுவாகத் தரும் முழு மயக்கம் ஒத்துக்கொள்ளாதவருக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து போடும் பழைய திறந்த ஒட்டே நல்லது.

படுத்தும் உள்ளே போகாமல், புடைப்பு கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால்? எந்த வழி என்று யோசிக்க அவகாசமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.