நிலவறையைச் செப்பனிடுதல் – 4: சுவரை மூடுமுன்

நிலத்தடி நீரைப் பற்றியும் சுவரில் ஊறும் ஈரத்தைப் பற்றியும் சென்ற வாரங்களில் விரிவாக விசாரித்தோம். ஈரம் தீர்ந்து, பழைய பலகைகளும் அவற்றின் பின்னே மக்கிக் கிடந்த பஞ்சும் அகற்றப்பட்டு, கான்கிரீட்டும் மரமும் கம்பியும் மட்டும் வெறுமையாக நிற்கும் நிலையை நம் நிலவறை இப்போது அடைந்துவிட்டதாகக் கொள்வோம். டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வரிசை வரிசையாக எழுந்த வீடுகளில், அரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்த உறுப்புகள் பிரத்தியட்சமாகும் சந்தர்ப்பம் இது. டிரைவால் மறுபடி ஏறிவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு அவை மறைந்தே போகும். வேலையை விரைவாக முடித்து அறைக்கு வர்ணம் பூசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வீட்டுக்காரருக்கு மிகுதியாக எழுவதும் இந்தக் கட்டத்தில்தான். அந்த ஆசையைச் சில வாரங்கள் ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குளிர்காலத்தில் தென் ஒன்டாரியோவின் நிலம் ஆழமாக உறைந்துபோகும் என்பதால், வீட்டின் அஸ்திவாரம் ஏறக்குறைய நான்கடிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் சில அடி தோண்டி முழு உயர அறைகளையே அமைத்துக்கொண்டார்கள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த நம்மவருள் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்நாட்டில் ஆரம்ப வாசஸ்தலமாக இருந்தது இத்தகைய 'பேஸ்மென்ட்'தான். பின்னாளில் சொந்த வீடு வாங்கியவர்கள், தம் வீட்டு நிலவறையைத் தாமே செப்பனிட்டு, புதிதாக வந்த மற்றொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையின் துணையால் வங்கிக் கடனைத் தீர்த்த வரலாறு நம்மிடையே சாதாரணம். ஆணி அடிக்கிறவர் ஒருவர், அந்தச் சுவருக்குள் குழந்தைகளோடு உறங்கப் போகிறவர் வேறொருவர் என்ற உண்மை எப்போதும் மனத்தில் இருப்பதால்தான், பின்வரும் விஷயங்களில் நான் சற்றுக் கண்டிப்பாகப் பேசுகிறேன்.

முதலில் மரம். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்குச் சுவர் என்பது தானே பாரத்தைச் சுமந்து நிற்கும் திண்மம். இங்கேயோ, கூரையின் பாரமும் அதன்மேல் குவியும் பனியின் பாரமும் மரச்சட்டங்களின் வழியே படிப்படியாக இறங்கி, ஓரங்களில் அஸ்திவாரச் சுவர்களையும், நடுவில் நீளவாட்டில் ஓடும் உத்தரத்தையும் அதைத் தாங்கும் எஃகுத் தூண்களையும் அடைந்து, அவற்றின் மூலமாகப் பூமியைச் சேர்கின்றன. ஆகவே எதையும் வெட்டுமுன், தலையை உயர்த்தி, மேல்தளத்தைத் தாங்கும் 'ஜாயிஸ்ட்'டுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எங்கே அவற்றின் முனைகள் அமர்ந்திருக்கின்றன என்று நிதானமாகப் பார்த்து, ஒரு தாளில் வரைந்துகொள்வது அவசியம். இடைஞ்சலாக இருக்கிறதென்று நடுத்தூண் ஒன்றை எடுத்துவிடும் யோசனை பலருக்கும் வருகிறது. கட்டடப் பொறியாளரின் கணக்கும் நகரசபையின் அனுமதியும் இல்லாமல் அந்தத் தூணைத் தொடவே கூடாது.

இந்தச் சட்டங்களுக்குப் பெரும் தீங்கு இழைப்பவை கறையானும் காலமும் என்று எண்ணுகிறோம். நான் பார்த்த வீடுகளில், குழாய் வேலைக்காரரின் ரம்பம் செய்த சேதமே அதிகம். மேலே குளியலறை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே விளக்கைப் பிடித்துப் பாருங்கள்: கழிவுநீர்க் குழாய்க்கு வழிவிட, ஜாயிஸ்ட்டின் அடிப்பாகத்தைப் பாதிவரை வெட்டியிருப்பார்கள். சட்டம் பாரத்தால் வளையும்போது அதன் மேல்விளிம்பு நெருக்கப்படுகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது; இழுவிசை மிகுந்த அந்தக் கீழ்விளிம்பை நடுப்பகுதியில் வெட்டினால் மரத்தின் பலம் வெகுவாகக் குன்றிவிடும். துளையிடுவதற்கும் ஒன்டாரியோவின் கட்டட விதி எல்லை வகுத்திருக்கிறது. துளையின் விட்டம் சட்டத்தின் ஆழத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. மேல், கீழ் விளிம்புகளிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இரண்டுக்கு எட்டு என்று பெயர்பெற்ற சட்டம் உண்மையில் ஏழேகால் அங்குல ஆழமே உடையதாகையால், ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேல் துளை கூடாது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெட்டுண்ட சட்டத்துக்குப் பரிகாரம், அதே ஆழமுள்ள புதுச்சட்டம் ஒன்றை அதன் பக்கத்தில் அணைத்து, இயன்றால் ஒரு தாங்குமிடத்திலிருந்து மறு தாங்குமிடம் வரை முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, பசையும் போல்ட்டும் கொண்டு இரண்டையும் ஒன்றாக்குவதே. வெட்டுள்ள இடத்தில் மட்டும் துண்டுப்பலகையை வைத்து ஆணி அடிப்பது, முறிந்த எலும்பின்மீது துணி சுற்றுவதைப் போன்றது. தளம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால், தற்காலிகத் தாங்கு தூணை நிறுத்தி, அதன் திருகை நாள்கணக்கில் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். பல்லாண்டுகளாக மெல்லத் தாழ்ந்ததை ஒரே மாலையில் உயர்த்தினால் மேல்மாடிச் சுவர்கள் வெடிக்கும், கதவுகள் நிலையில் இறுகும். புதிய தடுப்புச்சுவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: கான்கிரீட் தரையைத் தொடும் அடிச்சட்டம் மருந்தேற்றிய மரமாகவோ, ஈரம் ஏறாதபடி அடியில் உறை விரித்ததாகவோ இருக்கட்டும், குத்துச்சட்டங்கள் பதினாறு அங்குல இடைவெளியில், வெளிச்சுவரை ஒட்டாமல் சற்று விலகி நிற்கட்டும்.

மரத்தின் குற்றம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தின் குற்றமோ சுவருக்குள் மௌனமாக வளர்வது. 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் இறுதி வரை, தாமிரத்தின் விலை உயர்ந்ததன் காரணமாக, இந்நாட்டு வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பியை உபயோகித்தார்கள். கம்பியின் நடுப்பகுதியால் அபாயமில்லை. அபாயம் அதன் முனைகளில். அலுமினியத்தின் மேற்பரப்பில் உடனே படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைத் தடுக்கும் இயல்புடையது. சூடேறும்போது தாமிரத்தைவிட அதிகமாக விரிவது அலுமினியம். திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகுவதும் அதன் குணம். இம்மூன்றும் சேர்ந்து இணைப்பைத் தளர்த்துகின்றன. தளர்ந்த இணைப்பு சூடாகிறது. சூடு மேலும் தளர்த்துகிறது. 1972-க்கு முன் தயாரான அலுமினியக் கம்பியுள்ள வீடுகளில், ஏதேனும் ஓர் இணைப்பு தீப்பற்றும் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு தாமிரக் கம்பியுள்ள வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்திருக்கிறது. கம்பியின் உறைமேல் அலுமினியம் என்ற சொல்லோ அதன் சுருக்கமோ அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அங்கீகாரம் பெற்ற இணைப்பான்களைக் கொண்டு ஒவ்வொரு முனையிலும் தாமிரத் துண்டு சேர்க்கும் அந்த வேலையை, அதில் பழகிய உரிமம் பெற்ற நிபுணரிடம் ஒப்படைப்பதே விவேகம்.

15 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று அதை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் பிரேக்கரை மாட்டியிருப்பதும் பழைய நிலவறைகளில் காணக்கூடியது. 14 கேஜ் தாமிரக் கம்பிக்கு 15 ஆம்பியரே எல்லை. 20-க்கு 12 கேஜ் வேண்டும். தடித்த கம்பி போடாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், எச்சரிக்க வேண்டிய காவலனை விலக்கிவிட்டுக் கம்பியையே எரிய விடுகிறோம்.

வேலை தொடங்குமுன் பிரேக்கரை அணைத்தால் மட்டும் போதாது. டெஸ்டரை உயிருள்ள ஓர் இணைப்பில் வைத்து அது வேலை செய்வதை உறுதி செய்து, பிறகு நாம் தொடப்போகும் கம்பியைச் சோதித்து, மறுபடியும் உயிருள்ள இணைப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் டெஸ்டரே பழுதாகியிருக்கலாம் அல்லவா? பிரதான பிரேக்கரை அணைத்த பின்னும், தெருவிலிருந்து வரும் பெருங்கம்பிகள் பானலுக்குள் வந்து சேரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும் என்பதையும் ஒருபோதும் மறக்கலாகாது. 'சிங்க்' எனப்படும் கழுவுதொட்டிக்கு ஒன்றரை மீட்டருக்குள் அமையும் சாக்கெட்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு கட்டாயம். 1961-ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸீல் கண்டுபிடித்த இந்தச் சாதனம், சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, இதயத்துக்குத் தீங்கு நேருமுன், மின்னோட்டத்தைத் துண்டித்துவிடுகிறது.

குத்துச்சட்டத்தின் வழியே கம்பியை இழுக்கும்போது, துளை சட்டத்தின் விளிம்பிலிருந்து 32 மில்லிமீட்டருக்குள் நெருங்கினால் அவ்விடத்தில் எஃகுத் தகட்டை அறைய வேண்டும். பின்னாளில் யாரோ ஒருவர் படம் மாட்டுவதற்காக அடிக்கும் ஆணி கம்பியைத் துளைக்காதிருக்க அதுவே உபாயம். கம்பிகள் கூடும் எந்த ஜங்ஷன் பாக்ஸையும் டிரைவாலுக்குப் பின்னே புதைக்கலாகாது.

ஒன்டாரியோவில் தம் சொந்த வீட்டின் மின்வேலையைத் தாமே செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து, சுவரை மூடுமுன் அவர்களுடைய பரிசோதகரை அழைத்துக் காட்டியாக வேண்டும். கூலி கொடுத்துச் செய்விப்பதானால், உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரையே அமர்த்த வேண்டும். கைராசிக்காரர் என்று பெயரெடுத்த உறவினருக்குப் பணம் கொடுத்துச் செய்விப்பது சட்டவிரோதம். பரிசோதனையை ஒரு தொந்தரவாகக் கருதி மறைவாக முடித்துவிடுகிறவர்களை நான் அறிவேன். பல நாள் ஒரே சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பியதைப் பழகாத கண் கண்டுகொள்ளும் என்பதாலேயே, அந்த வருகையை வரவேற்க வேண்டும் என்கிறேன்.

பரிசோதகர் சம்மதம் தந்தபின், ஒவ்வொரு சுவரின் அருகிலும் அளவுநாடாவை விரித்து வைத்து, கம்பியும் குழாயும் சட்டமும் தெரியும்படி புகைப்படம் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்து அந்த வீட்டை வாங்குகிறவருக்கும் அது கிடைக்கட்டும். குளிர்தடுப்புப் பஞ்சையும், படுக்கையறைக்கு அவசியமான தப்பிக்கும் ஜன்னலையும் அடுத்த இதழில் காண்போம்.