ஆற்றங்கரைக்குப் போகும் சோறு

வீட்டு அடுப்பில் சமைத்து, இலையிலோ தூக்கிலோ கட்டி எடுத்துச் சென்று, ஆற்றங்கரையிலோ கோயில் மண்டபத்திலோ தோப்பு நிழலிலோ உற்றாரோடும் நண்பரோடும் பகிர்ந்து உண்ணும் உணவைத் தமிழகத்தில் வட்டாரத்துக்கும் குடும்ப வழக்கத்துக்கும் ஏற்பக் கட்டுச்சோறு, கட்டுசாதம், கட்டமுது, பொதிசோறு என்று பலவாறாகக் கூறுவர். அன்றாடச் சாப்பாட்டிலிருந்து குழம்பையும் ரசத்தையும் விட்டுவிட்டுச் சுருக்கிக்கொண்ட உணவாகவே இதைப் பலரும் எண்ணுகின்றனர். காலையில் இறக்கிய சோறு மாலை வரை கெடக் கூடாது, போகுமிடத்தில் மறுபடி சூடாக்கத் தேவைப்படக் கூடாது, தொட்டுக்கொள்ள ஓர் அப்பளமும் துண்டு மாங்காயும் இருந்தாலே போதுமானதாக இருக்க வேண்டும், முன்பின் அறியாதவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாலும் ஒரு பிடி எடுத்து வைக்க முடிய வேண்டும் என்னும் நிபந்தனைகளுக்கெல்லாம் உட்பட்டு, பல தலைமுறைப் பெண்களின் கைப்பழக்கத்தில் தேறி வந்த தனியொரு சமையல் முறை இது என்பதே பொருந்தும்.

இந்தச் சமையலை அதன் முழு விரிவோடு காண ஏற்ற நாள் ஆடிப்பெருக்கு. ஆடி மாதத்தின் 18ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதியை ஒட்டி, குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் பெருகி வரும் காவிரியை வரவேற்கும் விழா இது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் ஆற்றில் வரும் தண்ணீரின் அளவையும் நாளையும் அணையே பெரிதும் தீர்மானிக்கிறது என்றாலும், பவானி கூடுதுறையிலும் திருவரங்கம் அம்மா மண்டபத்திலும் திருவையாற்றுப் படித்துறைகளிலும் அந்த நாளில் மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். தண்ணீர் வராத ஆண்டுகளில் குழாயடியில் நின்றாவது மக்கள் விழாவை நடத்திவிடுகின்றனர். மஞ்சளில் பிடித்த பிள்ளையார், காதோலை கருகமணி, ஊறிய பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசி ஆகியவற்றை வைத்துக் காவிரியை வழிபட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டபின், கரையிலேயே வட்டமாக அமர்ந்து சித்ரான்னங்களைப் பிரிப்பர். சித்ரான்னம் என்பது புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என நிறத்திலும் சுவையிலும் வேறுபட்ட கலந்த சாதங்களுக்கான பொதுப்பெயர்.

வழிச்செல்வோருக்குச் சோறு கட்டிக் கொடுப்பது தமிழ் மனத்தில் எவ்வளவு ஆழமாக ஊன்றிய செயல் என்பதற்கு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமே சான்று. பசியோடும் நீர்வேட்கையோடும் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து சென்ற திருநாவுக்கரசருக்கும், அவ்வாறே திருக்குருகாவூருக்குச் சென்ற சுந்தரருக்கும், சிவபெருமானே வழியில் காத்திருந்து பொதிசோறும் தண்ணீரும் அளித்ததாக அந்நூல் கூறுகிறது. அடியார்களுக்கு இறைவன் அளித்தவை என்று அந்நூல் கூறும் கொடைகள் பல. அவற்றினிடையே, வெயிலில் நடந்து களைத்த ஒருவருக்குக் கட்டி வைத்த சோற்றைக் கொடுப்பதும் ஓர் அருட்செயலாக இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. ஆடிப்பெருக்குக்கும் இலக்கியத்தில் இடமுண்டு. 1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன் நாவல் ஓர் ஆடிப்பெருக்கு நாளில், மக்கள் திரண்டிருக்கும் வீரநாராயண ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது.

கட்டுச்சோற்றில் தலைமை இடம் புளியோதரைக்குத்தான். அதைச் செய்வோர் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வர். முதல் நாளே புளிக்காய்ச்சல், மறுநாள் விடியலில் சோறு. நிறம் கறுத்த பழம்புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, கல்சட்டியில் நல்லெண்ணெயைத் தாராளமாகக் காயவிட்டு, கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, அதில் புளிக்கரைசலை ஊற்றி உப்பும் மஞ்சளும் சேர்த்துச் சிறுதீயில் கொதிக்க விடுவர். தொடக்கத்தில் சடசடவென்று தெறித்துக் கொதிக்கும் கரைசல், நீர் வற்ற வற்ற மெல்ல அடங்கி, கொப்புளங்கள் பெரிதாகி, ஓசை தாழ்ந்து, ஓரங்களில் எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும் நிலைக்கு வரும், அதுவே பதம். அதற்கு முன்பே இறக்கினால் ஈரம் எஞ்சிப் புளிக்காய்ச்சல் விரைவில் பூசணம் பிடிக்கும். மாக்கல்லில் குடைந்த கல்சட்டி புளியோடு வினைபுரியாது, சூட்டையும் நெடுநேரம் தாங்கி நிற்கும் என்பதால், பழைய வீடுகளில் புளிக்காய்ச்சலுக்கென்றே ஒரு கல்சட்டி ஒதுக்கப்பட்டிருக்கும்.

மறுநாள் சோற்றை உதிரியாக வடித்து, அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, சூடு இருக்கும்போதே நல்லெண்ணெய் விட்டுப் பச்சைக் கறிவேப்பிலையைத் தூவி ஆறவிடுவர். ஆறியபின் புளிக்காய்ச்சலையும், வறுத்துப் பொடித்த மல்லி, வெந்தயம், எள் ஆகியவற்றையும் சேர்த்து, பருக்கை குழையாதிருக்கக் கரண்டியின் காம்பால் கிளறுவர். கலந்த உடனே தின்றால் புளி தனியாகவும் சோறு தனியாகவும் நாவில் படும். இரண்டு மூன்று மணி நேரம் ஊறியபின்னரே உப்பும் புளிப்பும் காரமும் பருக்கையின் உள்ளே இறங்குகின்றன. ஆகவே பயணத்துக்கு ஆகும் நேரமும் இந்தச் சமையலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வழியில் ஆறிப்போவதால் பிற உணவுகள் சுவை குன்றுகையில், புளியோதரை மட்டும் அதே நேரத்தைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்கிறது.

இதன் அறிவியலையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியா, கொதிநீரிலும் சாகாத வித்துகளாகத் தங்கியிருந்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வருவிக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை ஆபத்து எல்லையாகக் குறிப்பிடுவது இத்தகைய கிருமிகளைக் கருதித்தான். தமிழகத்து ஆடி வெயிலில் எடுத்துச் செல்லப்படும் சோறு நாள் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரு பொருளின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவையில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். வெறும் சோறு இந்த நடுநிலைக்கு அருகில் இருக்க, டார்டாரிக் அமிலம் மிகுந்த புளிக்கரைசலும் சிட்ரிக் அமிலம் மிகுந்த எலுமிச்சைச் சாறும் 3க்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்கின்றன. நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 4.6க்குக் கீழே பெருகத் திணறுவதால், ஒவ்வொரு பருக்கையிலும் படியுமாறு கலந்த புளியே சோற்றுக்குக் காவலாகிறது. புளியைக் கஞ்சத்தனமாகச் சேர்த்த புளியோதரைக்கு இந்தக் காவல் கிடையாது.

நல்லெண்ணெயின் பங்கு வேறு. சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் இழைகள் மீண்டும் நெருங்கிப் பின்னிக்கொள்வதால் பருக்கை விறைக்கிறது; மேலே படரும் எண்ணெய் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் ஈரம் வற்றி வறளாமலும் தடுத்து, வாயில் மென்மையாக உணரச் செய்கிறது. எள்ளில் இயற்கையாக உள்ள சில கூறுகள் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிப்பதைத் தடுப்பதால், நெடுநேரம் வைத்திருக்கும் உணவுக்கு நல்லெண்ணெயையே தேர்ந்தெடுத்தது பொருத்தமான தேர்வு. இட்லியைக் கட்டும்போது இருபுறமும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி அடுக்குவதும் இதே கணக்கில்தான்.

மற்றச் சாதங்களுள் எலுமிச்சை சாதம் எளியது. அடுப்பை அணைத்தபின் சாற்றைப் பிழிய வேண்டும், கொதித்தால் கசக்கும் என்பதைத் தவிர அதில் நுட்பம் அதிகமில்லை. தேங்காய் சாதம் புளிப்பும் அற்றது, ஈரமும் கொழுப்பும் நிறைந்தது என்பதால் முதலில் கெடுவது அதுவே. ஆகையால் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்துச் சேர்ப்பதும், கட்டைப் பிரித்தவுடன் முதலில் உண்டு தீர்ப்பதும் முறை. தயிர் சாதம் செய்வதில் உள்ள சாமர்த்தியமோ வியக்கத்தக்கது. சோற்றைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, வெதுவெதுப்பான பதத்தில் ஓரிரு கரண்டித் தயிரை மட்டும் கலந்து தூக்கில் அடைத்தால், போகும் வழியிலேயே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலைத் தயிராக்கிவிடும். காலையில் ஏறக்குறைய பால்சோறாகக் கிளம்பியது நண்பகலில் புளிக்காத புதுத் தயிர் சாதமாக இலையில் விழும். வீட்டிலேயே முழுவதும் தயிர் ஊற்றிப் பிசைந்தால், வெயிலில் மேலும் புளித்து மதியத்துக்குள் முகம் சுளிக்க வைக்கும்.

கட்டும் பொருளிலும் இதே கவனம் தேவைப்படுகிறது. வாழை இலையைத் தணலின் மேல் காட்டி வாட்டினால் அதன் மெழுகுப் பூச்சு இளகி, நரம்புகள் தளர்ந்து, மடித்தாலும் கிழியாத பக்குவம் வரும். அதில் பொதிந்த சூடான சோற்றில் இலையின் மணம் ஏறும். மந்தாரை இலையும் பாக்கு மட்டையும் கிடைக்கும் ஊர்களில் அவை பயன்பட்டன. புளிப்பு பித்தளையை அரித்துக் களிம்பேற்றும் என்பதால் பித்தளைத் தூக்குகளின் உட்புறத்தில் ஈயம் பூசி வைத்திருந்தனர். எவர்சில்வர் வந்தபின் அந்தக் கவலை ஒழிந்தது. இன்று அலுமினியத் தாளில் புளியோதரையைச் சுற்றி எடுத்துச் செல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. அமிலம் அலுமினியத்தைக் கரைக்கும் தன்மையுடையது என்பதால், புளியும் எலுமிச்சையும் சேர்ந்த உணவுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

சமைத்து எடுத்துச் செல்வதற்கு மாறாக, போன இடத்திலேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைப்பது கூட்டாஞ்சோறு. ஒருவர் அரிசியும் ஒருவர் பருப்பும் ஒருவர் காயும் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து ஒரே பானையில் இட்டு ஆக்கும் சிறுவர் விளையாட்டாகவே பலர் இதை அறிவர். திருநெல்வேலிப் பக்கத்தில் அதே பெயரில் தேர்ந்த வீட்டுச் சமையல் ஒன்றும் இருக்கிறது. துவரம்பருப்பு, அரிசி, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேக, தேங்காய், சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, இறுதியில் வடகம் தாளித்துக் கொட்டுவர். காற்றில் அலையும் ஒற்றை அடுப்பில் எல்லாம் ஒன்றாக வேக வேண்டுமானால், போடும் வரிசை தவறக் கூடாது: பருப்பு பாதி வெந்தபின் அரிசி, பின்பு கெட்டிக் காய்கள், அதன்பின் இளங்காய்கள், அவையெல்லாம் வெந்தபிறகே புளி, கடைசியாகக் கீரை. புளியை முந்திச் சேர்த்தால் அதன் அமிலம் காய்களின் திசுக்களையும் பருப்பையும் இளக விடாது. எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு நறுக்கென்றே நிற்கும். வெட்டவெளியில் சமைக்கும் நண்பர் குழுக்கள் பலவும் இந்த ஓரிடத்தில்தான் தடுமாறுகின்றன.

பகிர்ந்துண்ணும் மரபைப் போற்றுவோர் மறைக்கக் கூடாத பக்கம் ஒன்றும் உண்டு. யார் சமைத்ததை யார் உண்ணலாம், யார் பக்கத்தில் யார் அமரலாம் என்பதைச் சாதியே நெடுங்காலம் தீர்மானித்தது. வழியில் பிறர் சமைத்ததைத் தொடக் கூடாது என்னும் ஆசாரத்துக்காகவே கட்டுச்சோறு சுமந்தோரும் பலர். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்கெனத் தனியே உணவு அளிக்கப்பட்டதை எதிர்த்து 1924-25இல் எழுந்த போராட்டம் தமிழக அரசியலையே அசைத்தது; பெரியார் காங்கிரசை விட்டு விலகுவதற்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று. எல்லாச் சாதியினரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சமபந்தி போஜனத்தைச் சுயமரியாதை இயக்கம் தன் மாநாடுகளில் வலியுறுத்தி நடத்தியது வெறும் சடங்காக இல்லை. ஆற்றங்கரையில் அடுத்த பாயில் அமர்ந்திருப்பவருக்குத் தயக்கமின்றி ஒரு கரண்டி நீட்டவும், அவர் தருவதை வாங்கி உண்ணவும் முடிகிற இன்றைய நிலை அத்தகைய போராட்டங்களால் வந்தது. அது இன்னும் எல்லா ஊர்களிலும் வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று நண்பர்கள் சிலர் சேர்ந்து முக்கொம்புக்கோ கல்லணைக்கோ குற்றாலத்துக்கோ கிளம்பும்போது, எல்லாவற்றையும் ஒரே வீட்டுப் பெண்ணின் தலையில் சுமத்தாமல், ஒரு வீட்டில் புளியோதரை, ஒரு வீட்டில் தயிர் சாதம், ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு வறுவலும் பருப்புத் துவையலும் என்று பிரித்துக்கொண்டால், எவர் வீட்டிலும் விடியற்காலை அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டியதில்லை. சமைக்கும் பொறுப்பில் ஆண்களுக்கும் பங்கு இருந்தால் வேலை இன்னும் குறையும். துவையலைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைப்பதும், சூடு முழுதும் ஆறியபின்னரே தூக்கை மூடுவதும் நல்லது. சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் சோற்றில் சொட்டிக் கெடுக்கும். தயிர் சாதம் மட்டும் வெதுவெதுப்போடு மூடப்பட வேண்டியது. குடிநீரைத் தனியே எடுத்துச் செல்ல வேண்டும். ஆற்று நீரில் கை கழுவலாம், குடிப்பதற்கு அது இப்போது பெரும்பாலான இடங்களில் ஏற்றதன்று. உண்ட இலைகளை ஆற்றில் எறியாமல் ஒரு சாக்கில் சேர்த்து எடுத்து வந்து மாட்டுக்கோ உரக்குழிக்கோ இடலாம். பிளாஸ்டிக் தட்டுகளுக்கு அந்த வழியில்லை. தேங்காய் சாதத்தை முதலிலும், எலுமிச்சை சாதத்தை அடுத்தும், தயிர் சாதத்தை மதியத்துக்குள்ளும் முடித்துவிட்டு, புளியோதரையில் ஒரு பங்கைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கி வைப்பது, மாலையில் வண்டியில் பசிக்கும் பிள்ளைகளை அறிந்தவர்கள் செய்யும் ஏற்பாடு.