அயல்நாடு செல்வோரும் ஆங்கிலத் தேர்வும்

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத்திற்கு வரும் பெற்றோர் நம்மிடம் கேட்பவை காலத்திற்குக் காலம் மாறுகின்றன. முன்பெல்லாம் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்டனர். இப்பொழுதோ, "சாமி, அந்த இங்கிலீஷ் பரீட்சை எழுதினால்தான் லண்டன் போக முடியுமாமே, அதற்கு எங்கே பணம் கட்டுவது?" என்று கேட்கின்றனர். பணம் கட்டும் இடம் எளிதில் தெரிந்துவிடும். எந்தத் தேர்வு, எதற்காக, எவ்வளவு மதிப்பெண் என்பதை அறியாமலே பலர் பணத்தைக் கட்டிவிடுகின்றனர் என்பதுதான் நம்மை எழுதத் தூண்டியது. சேத்தூரிலும் சுற்றுப்புறத்திலும் இத்தேர்வுக்காக அடகுக் கடைக்குச் சென்ற சங்கிலிகள் ஒன்றிரண்டல்ல.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி கடல் கடந்து செல்கிறது. அத்துணிக்குத் தரச் சான்று கேட்கும் நாடுகள், அதைக் கொண்டு காயம் கட்டும் செவிலியரிடம் மொழிச் சான்று கேட்பதில் வியப்பில்லை. நோயாளி நெஞ்சு எரிகிறது என்கிறாரா, நெஞ்சு வலிக்கிறது என்கிறாரா என்பது புரியாவிடில் உயிருக்கே கேடு அன்றோ? ஆகவே இத்தேர்வை நம்மைத் தடுக்க எழுப்பிய மதில் என்று எண்ணுதல் முறையன்று.

இத்தேர்வுகளுள் நம்மவர் அதிகம் அறிந்தது ஐ.இ.எல்.டி.எஸ். என்பது. 1989-இல் இன்றைய பெயரோடு தொடங்கிய இதனை, பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு ஆகிய மூன்றும் கூட்டாக நடத்துகின்றன. நம் நாட்டில் 2021 ஜூலையில் பிரிட்டிஷ் கவுன்சிலின் பங்கை ஐ.டி.பி. விலைக்கு வாங்கியது முதல், ஐ.டி.பி. ஒன்றே இங்கு இதை நடத்திவருகிறது. இன்றும் சில பயிற்சி நிலையத்தார், "பிரிட்டிஷ் கவுன்சில் வழியாக எழுதினால் எளிது" என்று கூறிப் பணம் வாங்குவதாகக் கேள்விப்படுகிறோம். அவர்களை நம்ப வேண்டா.

இதில் இரு வகை உண்டு. கல்லூரியில் சேரவும், செவிலியர், மருத்துவர் போன்றோர் தம் தொழிலைப் பதிவு செய்யவும் வேண்டப்படுவது அகாடமிக் வகை. குடியேற்றத்திற்குப் பெரும்பாலும் வேண்டப்படுவது ஜெனரல் டிரெயினிங் வகை. ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதினால் கட்டிய பணம் பயன் தராது. இரண்டிலும் தேர்ச்சி, தோல்வி என்பது கிடையாது. 0 முதல் 9 வரை மதிப்பீடு தருவர், அவ்வளவே. எவ்வளவு போதும் என்பதைச் சொல்வது, நம்மை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் செவிலியரைப் பதிவு செய்யும் மன்றம், கேட்டல், படித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் தனித்தனியே 7-ம், எழுதுதலில் 6.5-ம் கேட்கிறது. முன்னர் நான்கிலும் 7 கேட்ட அம்மன்றம், 2018 டிசம்பரில் எழுத்துக்கு மட்டும் சிறிது தளர்த்தியது. "மொத்தத்தில் ஏழு வந்துவிட்டது" என மகிழ்ந்து வந்த சிலர், ஒரு பகுதியில் 6 இருந்ததால் மீண்டும் எழுத வேண்டியவராயினர். இத்தகைய விவரங்கள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே உள்ளன. அவற்றைப் படித்துச் சொல்ல ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன்?

மருத்துவத் துறையினருக்கென்றே ஓ.இ.டி. என்னும் மற்றொரு தேர்வு உள்ளது. வெளிநாடுகளிலிருந்து வரும் மருத்துவத் துறையினரைச் சோதிப்பதற்காக 1980-களில் ஆஸ்திரேலிய அரசின் பொருட்டு உருவாக்கப்பட்டது இது. பிரிட்டனின் செவிலியர் மன்றம் 2017 முதல் இதையும் ஏற்கிறது. இதில் எழுதும் பகுதி, நோயாளியின் குறிப்புகளைக் கொண்டு வேறொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் வரைவது. பேசும் பகுதி, நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் செவிலியராக உரையாடுவது. வார்டில் சில ஆண்டுகள் பணியாற்றிய நம் பெண்களுக்கு, நகரமயமாதலின் தீமைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதைவிட இது இயல்பாக இருக்கும் என்பது நம் கருத்து. கட்டணம் மட்டும் ஐ.இ.எல்.டி.எஸ்.-ஐ விடக் கூடுதல்.

ஜெர்மனி செல்ல விரும்புவோர்க்கு இவை இரண்டும் பயன்படா. அங்கே செவிலியராகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில், பொதுவாக பி2 என்னும் நிலையில், தேர்ச்சி வேண்டும். "ஐ.இ.எல்.டி.எஸ். முடித்தால் ஜெர்மனியும் போகலாம்" என்று ஒருவர் கூறினால், அவரிடம் மேலும் பேச வேண்டிய தேவையில்லை.

இனித் தேர்வின் நடைமுறையைச் சிறிது காண்போம். ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் கேட்டல் பகுதி ஏறத்தாழ 30 நிமிடம், 40 வினாக்கள். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கச் செய்வர். "சார், இன்னொரு தரம்" என்று கேட்க இடமில்லை. விடையில் எழுத்துப்பிழை இருப்பின் மதிப்பெண் போய்விடும். படித்தல் 60 நிமிடம், அதிலும் 40 வினாக்கள். அகாடமிக் வகையில் ஏறத்தாழ 30 விடைகள் சரியாயிருப்பின் 7 கிடைக்கும். தவறான விடைக்குக் குறைப்பு இல்லையாதலால் எதையும் வெறுமையாக விடலாகாது. எழுதுதல் 60 நிமிடம்; 150 சொற்களில் ஒன்று, 250 சொற்களில் ஒன்று. பின்னதற்கு இரு மடங்கு மதிப்பு. அதற்கே நேரத்தை ஒதுக்குக. பேசுதல் 11 முதல் 14 நிமிடம் வரை ஒரு தேர்வாளரோடு நேர் உரையாடல்.

பேச்சுப் பகுதிக்கென மனப்பாடம் செய்துகொண்டு போவது நம்மவர் வழக்கம். தேர்வாளர் அதை உடனே கண்டுகொள்வார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளாரும், நூறாண்டு கழித்து வந்து காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவரும் நம் மொழியைக் கற்றது மக்களோடு பேசிப் பழகியே. வீட்டில் நாளும் அரைமணி நேரம் ஆங்கில வானொலிச் செய்தியைக் கேட்பதும், கேட்டதைத் தங்கையிடமோ தோழியிடமோ ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வதும் செலவில்லாப் பயிற்சி. முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். வீட்டார் சிரிக்காதிருந்தால் போதும்.

நம்மவர் மிகவும் இடறும் இடம், பதிவுப் படிவத்தின் முதல் வரி. அங்கே பெயரைக் கேட்கின்றனர். நமக்கோ குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தையின் முதலெழுத்தோடு நின்றுவிடுகிறோம். ஒரு பெண் திருமுழுக்குப் பதிவேட்டில் ஆரோக்கிய மேரி, பள்ளிச் சான்றில் சூ. ஆரோக்கியம், செவிலியர் குழுமப் பதிவில் ஆரோக்கியமேரி சூசை என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூவரும் ஒருவரே என்று நாம் அறிவோம். அயல்நாட்டு அலுவலர் அறிவாரா? தேர்வுக்கு இந்தியாவில் அடையாளமாக ஏற்கப்படுவது பாஸ்போர்ட் ஒன்றே. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து உள்ளதோ அதே கட்டத்தில் அதே எழுத்தை இடுக. பிழையிருப்பின் தேர்வுக்குப் பணம் கட்டுமுன் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாகத் திருத்திக்கொள்க. திருமுழுக்குச் சான்றில் பெயரை மாற்றித் தரும்படி நம்மிடம் சிலர் வேண்டுகின்றனர். அது நம்மால் ஆகாது. பதிவேட்டில் உள்ளபடியே தர இயலும். பெயர் மாற்றத்திற்கு அரசிதழ் உண்டு.

அடுத்து, கசப்பான ஒரு செய்தி. மதிப்பெண்ணை வாங்கித் தருவதாகக் கூறுவோர் உளர். 2022 ஏப்ரலில் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் படகில் நுழைய முயன்ற இந்திய இளைஞர்கள், படகு மூழ்கும் தறுவாயில் பிடிபட்டனர். அவர்களுள் நால்வர் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தார். 6.5, 7 என மதிப்பீடு பெற்று மாணவராகக் கனடா சென்றவர்கள், நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டதற்கு விடை கூற இயலாது, இந்தி மொழிபெயர்ப்பாளரை நாடினர். தேர்வு எவ்வாறு எழுதப்பட்டது என்று மெஹ்சானா காவல்துறை ஆராயத் தொடங்கியது.

இதனினும் கொடியது பிரிட்டனில் நிகழ்ந்தது. டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை 2014 பிப்ரவரியில் பி.பி.சி. வெளிப்படுத்தியது. அதன்பின் 2011 முதல் 2014 வரை அங்கு எழுதப்பட்ட 58,000-க்கு மேற்பட்ட தேர்வுகளுள் 97 விழுக்காடு செல்லாதவை அல்லது ஐயத்திற்குரியவை எனப்பட்டன. பல்லாயிரம் மாணவர் விசா இழந்தனர்; அவர்களுள் நம் நாட்டவரும் பலர். நேர்மையாக எழுதியவரும் அதில் சிக்கியிருக்கக்கூடும் என்பதை 2019-இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகமே சுட்டிக்காட்டியது. பிறர் செய்த மோசடிக்குத் தம் பெயரைக் காக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். "ஏற்பாடு செய்து தருகிறோம்" என்பவரிடம் காசோலையை மட்டுமா கொடுக்கிறோம்?

வேலைவாய்ப்பைப் பற்றி ஐயமிருப்போர், தமிழ்நாடு அரசு 1978-இல் சென்னையில் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் கேட்டறிதல் நலம். பிரிட்டனின் பொது மருத்துவமனைகளுக்கு ஆள் சேர்ப்போர், பணிக்கு வருபவரிடம் அதற்கெனக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசின் நெறிமுறை. இதை அறிந்த குடும்பங்கள் மிகச் சில.

ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் இன்று 17,000 ரூபாய்க்கு மேல். மதிப்பீடு பொதுவாக ஈராண்டுகளே ஏற்கப்படும். நர்சிங் இறுதியாண்டிலேயே தேர்வெழுதிவிட்டுப் பின்னர் பணி அனுபவத்திற்காகக் காத்திருந்தவர்க்கு, விண்ணப்பிக்கும் நாளில் சான்று காலாவதியாகியிருக்கும். ஆகவே பாஸ்போர்ட், குழுமப் பதிவு, பணி அனுபவச் சான்று ஆகியவை கைக்கு வந்தபின், ஒரு மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து வீட்டிலேயே எழுதிப் பார்த்து, வேண்டிய மதிப்பீடு எட்டும் என்று தெரிந்த பிறகே நாள் குறிக்கவும். பதிவை ஐ.டி.பி.-யின் இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம். தேர்வு நாளன்று பதிவில் குறித்த அதே பாஸ்போர்ட்டின் மூலத்தையே கொண்டுசெல்ல வேண்டும். நகலும் ஆதார் அட்டையும் அங்கே ஏற்கப்படா.